தண்ணீர்விட்டான்

பதினேழு சென்டிமீட்டர்.
நீண்டால் வெட்டு, குட்டையென்றால் ஒதுக்கு.
வளைந்தது, நுனி விரிந்தது, தலை கருத்தது
எதுவும் விமானம் ஏறாது.
பெர்பேத்துவா லிசானா
எட்டு மணி நேரமும் நின்றபடி
இதைத்தான் பார்க்கிறாள்,
பெரு நாட்டில், இக்காவின் மணல்வெளியில்,
ஐஸ்பெட்டிபோல் குளிரும் ஒரு கொட்டகையில்.

விரல் தடிமனில் பச்சைத் தண்டுகள்.
பத்தைச் சேர்த்து ரப்பர் பட்டை மாட்டினால்
நாளை மறுநாள் லண்டனில் ஒருத்தி
வெண்ணெயில் வதக்குவாள்.

இதன் பங்காளி ஒன்று நம் வேலியில் படரும்.
தண்ணீர்விட்டான் என்று பெயர்.
யார் வைத்தார்களோ,
இக்காவை அவர்கள் பார்த்ததில்லை.

இங்கே மழை என்பது ரேடியோவில் கேட்கும் சொல்.
தோட்டத்து ஆழ்துளைக் கிணறு
முதலில் நாற்பது மீட்டர்,
பிறகு எழுபது, போன வருடம் நூற்றுப் பத்து.
குழாய் இறங்க இறங்க
அக்கம்பக்கத்துக் கிணறுகள்
வாயைப் பிளந்தபடி கிடந்தன.

மணல்மேட்டுக் குடியிருப்புக்கு
வாரம் இருமுறை லாரி.
பெர்பேத்துவா முதலில் அரிசி களைவாள்,
அந்தக் கழுநீரில் பாத்திரம்,
பாத்திரம் கழுவியதில் தரை,
மிச்சத்தை வாசலில் தெளிப்பாள்
மணல் பறக்காமலிருக்க.
கடைசிச் சொட்டுக்கும் வேலை உண்டு இந்த ஊரில்.
ஆட்களுக்குத்தான் வருடத்தில் ஆறு மாதம்.

மலைக்குத் திரும்பிப் போவாயா என்று
மைக்கை நீட்டிக் கேட்க வருகிறார்கள் சிலர்.
சிரிப்பாள்.
அங்கே ஒரே மதியத்து ஆலங்கட்டி
வருடத்து உருளைக்கிழங்கைத் தின்றுவிடும்.
காசு என்றால் அது புருஷன் கையில்.
இங்கே அவள் பெயரில் ஒரு வங்கி அட்டை.
எழுதத் தெரியாது, நான்கு எண்கள் தெரியும்.
இயந்திரத்துக்குக் கெச்சுவா வராது,
ஆனாலும் பணம் தருகிறது.
அந்த நான்கு எண்களை
அவள் புருஷனுக்குச் சொன்னதில்லை.

சாப்பாடு?
விடிகாலை நாலு மணிக்குக் கம்பெனி பஸ்.
பாக்கெட் நூடுல்ஸ், டின் மீன், மஞ்சள் சோடா.
தண்ணீரைவிடச் சோடா சுலபமாய்க் கிடைக்கும் தெருவில்
வேறெதைக் குடிப்பாள்.
சுகாதார நிலையத்தில் விரலைக் குத்திப் பார்த்து
சர்க்கரை என்றார்கள்.
வீட்டில் தீர்ந்து ஒரு வாரமாச்சே என்றாள்.
பத்தியமாக கீன்வா சாப்பிடச் சொன்னார் டாக்டர்.
ஊரில் கோழிக்கும் இறைத்த தானியம்.
கடையில் விலை கேட்டாள்,
இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தாள்.

ஒருநாள் கழிவுக் கூடையிலிருந்து
முறிந்த நுனிகள் ஒரு பிடி
வெள்ளை அங்கிக்குள் செருகி வந்தாள்.
ஒன்பது வருடம் தொட்ட பொருள், ருசி தெரியாது.
முட்டையோடு பொரித்தாள்.
இந்தத் தண்டுகளின் காசில்
கணக்கியல் படிக்கும் மகள் யூலிசா
மென்று பார்த்து,
புல்லுக்கு இவ்வளவு கௌரவமா என்றாள்.
பிறகு ஃபோனில் விலை தேடினாள்.
ஒரு கட்டு, அம்மாவின் இரண்டு மணி நேரம்.
இரண்டு மணி நேரத்தில் அம்மா கட்டுவது
முந்நூறு கட்டு.
சத்தமாய்ச் சொல்லவில்லை.

மறுநாள் காலை கொல்லைக் குழியிலிருந்து கத்தினாள்:
அம்மா, மூத்திரம் நாறுது, அழுகிய முட்டைக்கோசு மாதிரி!
பெர்பேத்துவாவுக்கும் அப்படித்தான்.
பூச்சிமருந்தோ, திருடிய பாவமோ,
பயந்துகொண்டே கொட்டகையில் விசாரித்தாள்.
தரம் பார்க்கும் பெண் வாயைப் பொத்திச் சிரித்தாள்.
இதைத் தின்றால் அப்படித்தான்.
அங்கேயுமா?
அங்கேயும்தான்.
சீமாட்டிகளுக்குமா?
அவர்களுக்கும்.

அன்று முழுக்க
ரப்பர் பட்டை மாட்டும்போதெல்லாம்
பெர்பேத்துவாவின் தோள்கள் குலுங்கின.
என்ன என்றார் மேற்பார்வை ப்ரிசேனோ.
ஒன்றுமில்லை, இன்ஜினியர்.

சாயங்காலம் லாரி வரவில்லை.
அங்கே ஒரு பொத்தானை அழுத்தினால்
ஆறு லிட்டர் போகுமாம் அம்மா,
ஃபோனிலிருந்து தலை தூக்காமல் படித்தாள் யூலிசா.
பெர்பேத்துவா
பீப்பாய்க்குள் கையை விட்டாள்.
மணிக்கட்டு வரை.